உயிர்க்கூரை வேய்ந்த அறிவியல் கூடம்

மலர்க்குழுவினர் இந்த ஆண்டும் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது செயலாளர் ஒரு நிபந்தனையும் சேர்த்தே போட்டார். "ஐயா, வழக்கம்போல கல்வெட்டு, சுவடின்னு எழுதிடாதீங்க. நம்ம பிள்ளைங்களும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார். நான் அகமதாபாத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துணி வியாபாரம் செய்து பிழைப்பவன். கல்லூரிப் படிப்பு இல்லை. கடை மூடிய பிறகு படித்த படிப்புதான். ஆகவே பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

செயலாளர் சொன்னதை யோசித்துப் பார்த்தபோது, 2017இல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்த சமயம் சான் பிரான்சிஸ்கோ நகரில் பார்த்த ஓர் அறிவியல் காட்சிசாலை நினைவுக்கு வந்தது. கலிபோர்னியா அறிவியல் கழகம் என்பது அதன் பெயர். மாப்பிள்ளை காரை நிறுத்திவிட்டு, "மாமா, அதோ!" என்று காட்டினார். எனக்குக் கட்டிடம் தெரியவில்லை. ஒரு புல்மேடுதான் தெரிந்தது. அந்தப் புல்மேட்டுக்கு அடியிலேதான் கட்டிடம் இருந்தது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம் சங்கக் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்ற பேச்சு இரண்டு ஆண்டாக நடந்து வருகிறது. அதைப் பற்றிய என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

தங்கம் தேடிய ஊரில் ஓர் அறிவுச்சபை

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். கூடாரமும் மரக்குடிசையுமாக இருந்த சான் பிரான்சிஸ்கோ சில ஆண்டுகளிலேயே நகரமாகிவிட்டது. எல்லோரும் மண்ணைத் தோண்டித் தங்கம் தேடிய அந்த ஊரில், 1853 ஏப்ரல் மாதம் ஏழு பேர் கூடி, "இந்த மண்ணில் என்னென்ன செடி இருக்கிறது, என்னென்ன பிராணி இருக்கிறது என்று முறையாக எழுதி வைப்போம்" என்று ஒரு கழகம் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றிய முதல் அறிவியல் நிறுவனம் அதுவே. அதே 1853இல், இயற்கை ஆராய்ச்சியின் எல்லாத் துறைகளிலும் பெண்களின் உதவியை வரவேற்கிறோம் என்று தீர்மானமும் போட்டார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. அந்தத் தீர்மானம் பின்னால் கழகத்தையே காப்பாற்றியது என்பதைச் சற்று நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

அதே 1853இல்தான் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த லெவி ஸ்ட்ராஸ் என்ற இளைஞர் அதே ஊரில் ஜவுளி மொத்த வியாபாரம் தொடங்கினார். 1873இல், ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரோடு சேர்ந்து, கால்சட்டையின் பை கிழியாமல் இருக்கச் செம்பு ஆணி அடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் பேரப்பிள்ளைகள் கழற்ற மறுக்கும் ஜீன்ஸ் பிறந்த கதை அது. துணிக்கடைக்காரன் கதையை எங்கேயோ இழுக்கிறான் என்று நினைக்கவேண்டாம். ஜீன்ஸ் இந்தக் கட்டுரையில் திரும்பி வரும்.

ஜேம்ஸ் லிக் என்பவர் பியானோ செய்யும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, நிலம் வாங்கி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். 1876இல் இறந்துபோனார். அவர் கொடுத்த கொடையால் நகரின் முக்கிய வீதியான மார்க்கெட் தெருவில் கழகத்துக்குச் சொந்தக் கட்டிடம் எழுந்தது. 1891 முதல் அங்கே காட்சிசாலை நடந்தது.

1906 ஏப்ரல் 18

அன்று விடியற்காலை 5 மணி 12 நிமிடத்துக்கு நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சியைவிட, அதன் பின் நாட்கணக்கில் எரிந்த தீதான் நகரை அதிகம் அழித்தது. சுமார் 3,000 பேர் மாண்டனர் என்பது இன்றைய கணக்கு.

கழகத்தின் தாவரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆலிஸ் ஈஸ்ட்வுட் அம்மையார். கனடாவில் 1859இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே, யாரும் கல்லூரியில் கற்றுக்கொடுக்காமல், தானே படித்துத் தாவர அறிஞர் ஆனவர். (என்னைப் போன்றவர்களுக்கு இந்த வரியை எழுதும்போதே ஒரு தெம்பு வருகிறது.) அவர் மார்க்கெட் தெருவுக்கு ஓடிவந்தபோது கட்டிடம் நின்றுகொண்டிருந்தது, ஆனால் உள்ளே பளிங்குப் படிக்கட்டு இடிந்து தொங்கியது. தீ நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அறையோ ஆறாவது மாடியில். அந்த அம்மையார் ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு, படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் காலை ஊன்றி ஊன்றி ஆறு மாடியும் ஏறினார். உலர்ந்த செடிகளை மூட்டையாகக் கட்டிக் கயிற்றில் இறக்கினார். 1,497 மாதிரிகள் பிழைத்தன. மற்றவை எல்லாம் சாம்பல். அவருடைய சொந்த உடைமைகளும் தீக்கிரையாயின.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏராளமான தாள்களுக்கு நடுவே, எரியும் ஊரில், சில நிமிஷத்தில் எதை எடுப்பது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஒரு செடிக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது, எந்த மாதிரியைப் பார்த்து அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ அதை மூலமாதிரி என்பார்கள். நம் சுவடி வழக்கில் சொன்னால் மூல ஓலை மாதிரி. அது போனால் மற்றப் பிரதிகளைச் சரிபார்க்க வழி இல்லை. அன்றைய வழக்கம் மூலமாதிரிகளை மற்றவற்றோடு கலந்தே அடுக்கி வைப்பது. அம்மையார் மட்டும் அந்த வழக்கத்துக்கு மாறாக, அவற்றைத் தனியே பிரித்து ஒரே இடத்தில் வைத்திருந்தார். அதனால்தான் இருட்டிலும் புகையிலும் கை நேராக அங்கே போயிற்று. துணிச்சல் ஒரு பங்கு என்றால், முன்யோசனை மூன்று பங்கு.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கப்பலில் வந்த மறுபிறப்பு

ஊர் எரிந்தபோது கழகத்தின் சிறு பாய்மரக்கப்பல் ஒன்று, அதற்கும் 'அகாடமி' என்றே பெயர், தெற்கே கலாபகசுத் தீவுகளில் இருந்தது. 1905 ஜூனில் புறப்பட்ட ஆராய்ச்சிக் குழு 1906 நவம்பரில் 70,000க்கும் மேற்பட்ட மாதிரிகளோடு திரும்பி வந்தது. எரிந்துபோன காட்சிசாலைக்கு அதுவே புது அஸ்திவாரம் ஆயிற்று. அம்மையாரும் விடவில்லை. பிறகு திரும்பவும் பொறுப்பேற்று, தொண்ணூறு வயதில் 1949இல் ஓய்வு பெறும் வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகளைச் சேர்த்தார்.

கொல்லாமையை முதல் அறமாகச் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தக் கப்பலில் வந்தவை கொன்று பதப்படுத்தப்பட்ட ஆமைகளும் பறவைகளும் என்பதை நினைத்தால் மனம் கூசுகிறது. மறைத்து எழுத முடியாது. ஆனாலும் ஒரு செய்தி. அந்தப் பயணத்தில், 1906இல், பெர்னாண்டினா என்ற தீவில் ஒரே ஒரு ராட்சத ஆமை கிடைத்தது. அதற்குப் பின் நூறு ஆண்டுக்கு மேல் அந்த இனத்தை யாரும் பார்க்கவில்லை. அழிந்தே போயிற்று என்று முடிவு கட்டினார்கள். 2019இல் அதே தீவில் ஒரு பெண் ஆமை உயிரோடு அகப்பட்டது. இது அதே இனம்தானா என்று எப்படிச் சொல்வது? பழைய ஆமையின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2022இல் 'ஆம், அதே இனம்' என்று உறுதி செய்தார்கள். செய்த ஹிம்சை ஹிம்சைதான். ஆனால் பாதுகாத்து வைத்திருந்ததால் அந்த உயிருக்கு இன்று ஒரு பெயரும் காவலும் கிடைத்தன.

ஒரு டஜன் கட்டிடங்களும் ஓர் இத்தாலியரும்

1916இல் கழகம் கோல்டன் கேட் பூங்காவுக்குக் குடிபோயிற்று. ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான இந்தப் பூங்கா ஒரு காலத்தில் வெறும் கடற்கரை மணல்மேடு. 1870களில் தொடங்கி மரம் வைத்துச் சோலையாக்கினார்கள். அங்கே 1923இல் மீன் காட்சிசாலை, 1934இல் ஆப்பிரிக்க மண்டபம், 1952இல் கோளரங்கம் என்று சிறுகச் சிறுகக் கட்டி, ஒரு டஜன் கட்டிடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நம் ஊரில் பெரிய குடும்பத்து வீட்டில் ஒவ்வொரு மகனுக்குக் கலியாணம் ஆகும்போதும் ஓர் அறை இழுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி.

1989 அக்டோபர் 17ஆம் தேதி மறுபடியும் ஒரு பூகம்பம். கழகத்தின் கட்டிடங்களில் சேதம் ஏற்பட்டது. ஒட்டுப்போட்டுப் பிழைப்பதா, முழுதாகப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 1995லும் 2000லும் நகர மக்கள் வாக்களித்துக் கடன்பத்திரம் மூலம் பணம் ஒதுக்கச் சம்மதித்தார்கள். மீதியை நன்கொடையாகத் திரட்டினார்கள்.

கட்டிடக் கலைஞராக வந்தவர் ரென்சோ பியானோ. 1937இல் இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரில், கட்டிட ஒப்பந்தக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் 1977இல் திறந்த பாம்பிடூ மையத்தை ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தவர். 1998இல் கட்டிடக்கலையின் உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். பியானோ செய்தவர் கொடுத்த கொடையில் முதல் கட்டிடம். பியானோ என்ற பெயர்க்காரர் வரைந்தது புதுக் கட்டிடம். இன்னொரு பொருத்தமும் உண்டு. 'ஜீன்' என்ற துணிப்பெயரே ஜெனோவா நகரின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

பியானோவின் எண்ணம் எளிமையானது: பூங்காவின் ஒரு துண்டை ஜமுக்காளம் போலத் தூக்கி, அதன் அடியில் கட்டிடத்தைச் செருகிவிடுவது. பழைய கட்டிடத்தின் உயரமாகிய 36 அடியைத் தாண்டாமல் கூரையைப் பரப்பினார். உள்ளே கோளரங்கத்துக்கும் மழைக்காட்டுக் கூடத்துக்கும் இரண்டு பெரிய கோளங்கள் வேண்டும். மழைக்காட்டுக் கோளத்தின் குறுக்களவு மட்டும் 90 அடி. அவை இருக்கும் இடத்தில் மட்டும் கூரை குன்றாக எழும்பும். ஊரும் குன்றுகளின் ஊர். கூரையிலும் ஏழு குன்றுகள். பழைய மண்டபங்களின் சில சுண்ணாம்புக்கல் சுவர்களை இடிக்காமல் புதியதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

2004இல் காட்சிசாலையைத் தற்காலிகமாக ஊருக்குள் மாற்றிவிட்டுப் பழையதை இடித்தார்கள். 9,000 டன் கான்கிரீட் உடைந்து சாலை போடப் போயிற்று. 12,000 டன் இரும்பு உருக்காலைக்குத் திரும்பிற்று. அஸ்திவாரம் தோண்டியதில் வந்த 32,000 டன் மணல், நகரின் கடற்கரை மணல்மேடுகளைப் புதுப்பிக்க அனுப்பப்பட்டது. நூறு ஆண்டுக்கு முன் மணல்மேடாக இருந்த இடத்தின் மணல், மணல்மேட்டுக்கே திரும்பிப் போன கதை. வீடு இடித்தால் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றி ஆற்றங்கரையில் கொட்டும் நமக்கு இது ஒரு பாடம்.

2008 செப்டம்பர் 27ஆம் தேதி புதுக் கட்டிடம் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு 48 கோடியே 80 லட்சம் டாலர். பசுமைக் கட்டிடங்களுக்கு அமெரிக்காவில் வழங்கும் 'லீட்' தரச்சான்றில் மிக உயர்ந்த பிளாட்டினம் நிலை கிடைத்தது. கட்டியதற்கு ஒருமுறை வாங்கியது போதாதென்று, நடத்தும் முறைக்காக 2011இல் இரண்டாவது தடவையும் பிளாட்டினம் பெற்றது.

தேங்காய் நாரில் வளர்ந்த கூரை

கூரையின் பரப்பு இரண்டரை ஏக்கர். அதன் மேல் 17 லட்சம் செடிகள். பார்வையாளர்கள் ஏறி நின்று பார்க்க ஒரு மேடை இருக்கிறது. அங்கே நின்ற வழிகாட்டிப் பெண் விளக்கிச் சொன்னதை மகள் எங்களுக்கு மொழிபெயர்த்தாள்.

கூரைக் குன்றுகள் சில இடங்களில் 60 பாகை வரை செங்குத்தானவை. அந்தச் சரிவில் மண்ணைக் கொட்டினால் முதல் மழையிலேயே வழிந்து தரைக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் அது என்றைக்கும் மக்காது. என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் தேங்காய் நாரால் செய்த 50,000 தட்டுகளில் செடிகளை வளர்த்து, தட்டோடு தூக்கிக் கூரையில் பதித்தார்கள். வேர் தட்டைத் துளைத்துக்கொண்டு பக்கத்துத் தட்டின் வேரோடு பின்னிக்கொள்ளும். பின்னிக்கொண்ட பிறகு நார் மெள்ள மக்கி மண்ணாகிவிடும். அதற்குள் செடிகளின் வேரே மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கேட்டதும் என் சம்சாரம், "அடி ஆத்தே! நம்ம தேங்கா நாருக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றாள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அவள் பாத்திரம் தேய்த்த நார் அது. இவ்வளவு பெரிய பொறியாளர்கள் கூடியும் அந்த நாருக்கு மேலான பொருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை பாருங்கள்.

செடிகளையும் அழகுக்காக எங்கிருந்தோ வரவழைக்கவில்லை. அந்த ஊர் மண்ணுக்கே உரிய சுமார் 30 வகைகளை நட்டுச் சோதித்து, தண்ணீர் அதிகம் கேட்காத, கடற்காற்றைத் தாங்குகிற, ஒன்பது வகைகளை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். காட்டு ஸ்ட்ராபெரி, கலிபோர்னியா பாப்பி முதலியவை அவற்றில் சில. அவற்றைத் தேடி வண்டும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருகின்றன. பெய்யும் மழையின் பெரும்பகுதியை ஆறு அங்குல மண்ணும் செடியுமே குடித்துவிடுகின்றன. சாக்கடைக்குப் போவது கொஞ்சம்தான். தார் பூசிய சாதாரணக் கூரை இருந்தால் உள்ளே எவ்வளவு சூடு இருக்குமோ, அதைவிடச் சுமார் பத்து பாரன்ஹீட் பாகை குறைவாக வைக்கிறது என்கிறார்கள். செடிக்கூரையைச் சுற்றிலும் தாழ்வாரம் போலக் கண்ணாடிப் பந்தல். அந்தக் கண்ணாடிக்குள் 60,000 சூரிய மின்கலங்கள். ஒரே பந்தல் நிழலும் தருகிறது, மின்சாரமும் தருகிறது.

சுவருக்குள் பழைய ஜீன்ஸ்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சூடும் குளிரும் சத்தமும் உள்ளே வராமல் இருக்கச் சுவர்களின் நடுவே பஞ்சு போன்ற ஒன்றை அடைப்பார்கள். வழக்கமாக அது கண்ணாடி நார். கையில் பட்டால் அரிக்கும். இங்கே அதற்குப் பதிலாகப் பெரும்பகுதி அடைத்திருப்பது பழைய ஜீன்ஸ் துணி. ஜீன்ஸையும் தையல் கழிவையும் கிழித்துப் பஞ்சாக்கி, தீயும் பூச்சியும் அண்டாமல் போரேட் உப்பு சேர்த்து, மெத்தை போலச் செய்து சுவருக்குள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி நாரைவிடச் சத்தத்தை நன்றாக உறிஞ்சுகிறதாம்.

அகமதாபாத்தில் 1980களின் பிற்பகுதியில் அரவிந்த் மில் டெனிம் நெய்யத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் டெனிமுக்குப் பேர்போனது. வெட்டுத்துண்டுகளை இங்கே 'சிந்தி' என்பார்கள். கிலோக் கணக்கில் எடைபோட்டு விற்றிருக்கிறேன். எத்தனை ஆயிரம் கிலோ என் கைவழியே போயிருக்கும்! பாய்லரில் எரிக்கவும் மிதியடி செய்யவும்தான் போகும். அதை ஒரு நாட்டின் பெரிய காட்சிசாலை தன் சுவருக்குள் மெத்தையாக வைத்திருக்கிறது என்று கேட்டபோது, கழிவு என்று எதைச் சொல்கிறோம் என்ற சந்தேகமே வந்துவிட்டது. 1853இல் ஒரே ஊரில் தொடங்கிய ஜவுளிக்கடையும் அறிவியல் கழகமும் 155 ஆண்டுகள் கழித்து ஒரே சுவருக்குள் சந்தித்துக்கொண்டன.

காற்று, வெளிச்சம், தண்ணீர்

கட்டிடத்தின் நடுவே கண்ணாடிக் கூரை போட்ட ஒரு முற்றம். கூரைக் குன்றுகளின் சரிவு வழியே குளிர்ந்த காற்று இறங்கி முற்றத்துக்குள் வருகிறது. குன்றுகளின் உச்சியில் வட்ட வட்டமான ஜன்னல்கள். உள்ளே சூடு ஏறினால் தாமாகத் திறந்து வெப்பக் காற்றை வெளியே விடும். பெரிய கூடத்துக்குக் குளிர்சாதனமே இல்லை. குளிர்காலத்தில் தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் வெந்நீர் விட்டுத் தரையைச் சூடாக்குகிறார்கள். ஆள் நிற்கும் உயரம் வரை கதகதப்பு இருந்தால் போதும், உச்சியில் இருக்கும் வெற்றுக் காற்றைச் சூடாக்கி என்ன பயன்?

ஆட்கள் புழங்கும் இடங்களில் 90 விழுக்காட்டுக்குப் பகல் வெளிச்சமும் வெளிப்பார்வையும் உண்டு. வெளிச்சம் போதுமான அளவு வந்தால் விளக்குகள் தாமாக மங்கிவிடும். கழிப்பறைக்கு நகராட்சி சுத்திகரித்துத் தரும் மறுபயன்பாட்டு நீர். மீன்களுக்கு வேண்டிய உப்புநீர் பசிபிக் பெருங்கடலிலிருந்து குழாய் வழியாக வந்து, வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. இவையெல்லாம் சேர்ந்து, சட்டம் அனுமதிக்கும் மின்செலவைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவழிக்கும்படி வடிவமைத்தார்கள்.

குறையே இல்லையா?

உண்டு. சூரியப் பந்தல் தரும் மின்சாரம் மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. பவளப்பாறை மீன்களுக்கும் மழைக்காட்டுக் கோளத்துக்கும் இரவு பகலாக இயந்திரம் ஓடியே ஆகவேண்டும். கூரைச் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், களை பிடுங்கவேண்டும். 48 கோடி டாலர் இருந்தால் யார்தான் கட்டமாட்டார்கள் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

என் பதில் இது. பணம் அதிகம் ஆனது கோளரங்கத்துக்கும் மீன்தொட்டிகளுக்கும் பெரிய மண்டபத்துக்கும். நாரும் பழந்துணியும் காற்றும் வெளிச்சமும் விலை உயர்ந்தவை அல்ல. ஒன்றைக் கட்டுவதற்கு முன்னால், 'இந்த ஊரில் காற்று எங்கிருந்து வருகிறது? மழை எப்போது பெய்கிறது? எது சும்மா கிடக்கிறது?' என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்குச் செலவே இல்லை.

அதற்காக அந்தக் கூரையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்கமுடியாது. அங்கே கோடையிலும் மூடுபனி. இங்கே 2010 மே மாதம் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது நமக்கு மறக்காது. புல்கூரைக்கு இங்கே தண்ணீர் ஊற்றி மாளாது. இந்த ஊருக்கு இந்த ஊரின் அறிவு இருக்கிறது. பழைய நகரத்துப் 'போள்' வீடுகளில், முற்றத்துக்கு அடியில் 'டாங்கா' என்று ஒரு நிலவறைத் தொட்டி. கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வழியே இறக்கி, சுண்ணாம்பு பூசிய அந்தத் தொட்டியில் சேர்த்து, ஆண்டு முழுவதும் குடித்தார்கள். 2017இல் பழைய நகரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. நாம் பெருமைப்பட்டோம், ஆனால் யாரும் தொட்டி கட்டவில்லை. 2013இல் மாநகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்த பிறகு, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே சூடு குறையும் என்று சொன்னார்கள். என் கடை மாடிக்கு அடித்தேன். மத்தியானம் பையன்கள் மேலே போய்ச் சரக்கு எடுக்க இப்போது முகம் சுளிப்பதில்லை.

நம் கட்டிடம்

இப்போது, தூக்கம் வராத காரணத்தைச் சொல்கிறேன். 2001 ஜனவரி 26 காலை. கொடியேற்றத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். கட்ச் மாவட்டத்தில் பிறந்த அதிர்ச்சி 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நம் ஊரையும் உலுக்கியது. தரைத்தளத்தில் கார் நிறுத்தச் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்திக் கட்டிய அடுக்குமாடிகள் பல, சீட்டுக்கட்டு மாதிரி உட்கார்ந்துவிட்டன. இந்த ஊரிலேயே நூற்றுக்கணக்கானோர் போனார்கள். நாங்கள் இருந்த கட்டிடம் விழவில்லை, விரிசல் விட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கீழே வந்து பார்த்தால் என் கையில் கடைக் கணக்குப் புத்தகம் இருந்தது. எப்போது எடுத்தேன் என்றே தெரியாது.

பரணில் ஒரு டிரங்குப்பெட்டி இருந்தது. அதில் பழைய ரசீதுகளோடு ரசீதாக, என் தகப்பனார் கைப்பட எழுதிய இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஊர்க் கோயிலில் இருந்த சுவடிகளைப் பார்த்து அவர் இளவயதில் எழுதிக்கொண்ட பிரதி அது. மாடித் தண்ணீர்த்தொட்டி உடைந்து பரண் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. நான்கு நாள் கழித்து உள்ளே விட்டபோது பெட்டியைத் திறந்தேன். மை எல்லாம் கரைந்து நீலக் கூழாக இருந்தது. ஊருக்குத் தகவல் எழுதினேன். மூலச் சுவடிகள் எப்போதோ செல்லரித்துப் போய்விட்டன என்று பதில் வந்தது. யார்மீது குறை சொல்ல? தனியே எடுத்து வைக்காத குற்றம் என்னுடையது. ஆலிஸ் அம்மையாருக்குக் கை நேராகப் போயிற்று. எனக்குக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் போயிற்று.

கட்ச் மாவட்டத்தில் பூஜ் நகரத்துப் பூஜியா குன்றில், மாண்டவர்கள் நினைவாக 'ஸ்மிருதிவன்' என்ற நினைவகமும் காட்சிசாலையும் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. குன்றின் சரிவில் மழைநீரைத் தடுத்து நிறுத்தும் சிறு தேக்கங்களை அடுக்கடுக்காகக் கட்டி, அவற்றில் மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்து, சுற்றிலும் லட்சக்கணக்கில் மரம் வைத்திருக்கிறார்கள். வறண்ட மண்ணுக்கு ஏற்ற யோசனை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லோரும் ஒருமுறை போய்வரவேண்டும்.

நம் சங்கக் கட்டிடக் குழுவில் காட்டிய படத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி, உள்ளே பொய்க்கூரை, எல்லா அறையிலும் ஏ.சி. "பார்க்க ஷோவா இருக்கும், அண்ணாச்சி" என்றார் ஓர் இளைஞர். இருக்கும், மே மாதத்தில் மின்கட்டணச் சீட்டும் ஷோவாகத்தான் இருக்கும். குழுவினர் முன் நான் வைக்கும் விண்ணப்பம் நான்கே. ஒன்று, தரைத்தளத்தை வெறும் தூண்களில் நிறுத்தாமல், பூகம்ப விதிகளை அறிந்த பொறியாளரிடம் கணக்குப் பார்த்துக் கட்டுவது. இரண்டு, மேற்குப் பக்கம் கண்ணாடிக்குப் பதில் தாழ்வாரம், நடுவில் முற்றம், மாடிக்கு வெள்ளைப் பூச்சு. மூன்று, முற்றத்துக்கு அடியில் ஒரு டாங்கா. நான்காவது, இதற்குப் பணமே வேண்டாம். சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, ஆரம்ப கால மலர்கள், முன்னோர்கள் கொடுத்த கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் இப்போது மூன்று பீரோவில், நாற்காலிக் கணக்கோடும் பந்தல்காரர் ரசீதோடும் கலந்து கிடக்கின்றன. கட்டிடம் இடிக்கும் நாளுக்கு முன் அவற்றைப் பிரித்து, படமெடுத்து, ஒரே பெட்டியில் வைத்து, எங்கே இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியும்படி செய்துவிடவேண்டும்.

கடைசி வேலைக்கு நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் கடை கிடையாது. பிள்ளைகள் இரண்டு பேர் கூட வந்தால், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், மழைக்காலத்துக்குள் முடித்துவிடலாம்.